மஞ்சள்கண் பென்குயின் (ஹோய்ஹோ) – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தும்பி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நியூசிலாந்தின் 5 டாலர் தாளில் முன்பக்கம் எட்மண்ட் ஹிலாரி, பின்பக்கம் ஒரு பென்குயின். தலையைச் சுற்றி மஞ்சள் பட்டை, கண்ணும் மஞ்சள். உலகின் மிக அரிதான பென்குயின்களில் ஒன்று என்று படித்தேன். ஆனால் தேடிப் பார்த்த படங்களில் எங்குமே பனி இல்லை. புதர், நெட்டைப் புல், மரத்தடி என்றுதான் இருக்கிறது. கூட்டமும் இல்லை, ஒன்று அல்லது இரண்டுதான் நிற்கின்றன.

இது எப்படி வாழ்கிறது, ஏன் குறைகிறது? நம் இழைகளில் நியூசிலாந்தின் டுனிடின் நகரிலிருந்து எழுதுகிறவர்கள் உண்டே, கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

செங்கால்நாரை எழுதியது:

தும்பி, நல்ல கேள்வி. நான் டுனிடினில்தான் இருக்கிறேன். கூடு தேடும் பருவத்தில் தன்னார்வலர்களோடு போவதுண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது காட்டுப் பறவை. தெற்குத் தீவின் தென்கிழக்குக் கரையை ஒட்டிய காடுதான் இதன் வீடு. பேங்ஸ் தீபகற்பத்தில் தொடங்கி ஓமரு, ஒட்டாகோ தீபகற்பம், கேட்லின்ஸ் வழியாக ஸ்டூவர்ட் தீவு வரை இருக்கிறது. இன்னும் தெற்கே, ஆக்லாந்து தீவுகளிலும் கேம்பெல் தீவிலும் இருக்கிறது. உயரம் 65 சென்டிமீட்டர் அளவு, எடை சாதாரணமாக 5 முதல் 6 கிலோ. மெகாடிப்டிஸ் என்ற பேரினத்தில் இன்று உயிரோடிருப்பது இது ஒன்றுதான்.

மற்ற பென்குயின்கள் நெருக்கியடித்துக் கூடு வைக்கும். ஹோய்ஹோவுக்கு அது ஆகவே ஆகாது. பக்கத்துக் கூட்டில் இருக்கும் ஜோடி கண்ணில் படக்கூடாது. ஹராகெகே என்ற நீள இலைப் புதரின் அடியிலோ, சாய்ந்த மரத்தண்டை முதுகுப்புறம் வைத்தோ, புல்லும் சுள்ளியும் சேர்த்து ஆழமில்லாத குழி போல ஒன்றை அமைத்துக்கொள்ளும். கூடு தேடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? புதருக்குள் முழங்காலில் ஊர்ந்து போக வேண்டும். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பறவை அசையாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் தெரிவது அந்தக் கண்தான்.

செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபருக்குள் இரண்டு முட்டை இடும். இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி உண்டு, ஆனாலும் குஞ்சுகள் பெரும்பாலும் ஒரே நாளில் பொரிந்துவிடும். சில பென்குயின் இனங்களில் ஒரு குஞ்சு பெரிதாகவும் இன்னொன்று நோஞ்சானாகவும் இருந்து சின்னது செத்துப்போகும். இங்கே இரண்டும் சம அளவில் வளரும், மீன் கிடைத்தால் இரண்டையும் தேற்றிவிடும். முதல் ஆறு வாரம் தாயோ தந்தையோ ஒன்று கூட்டிலேயே இருக்கும், மற்றது விடியலில் கடலுக்குப் போய் அந்திக்குத் திரும்பும். அதற்குப் பிறகு இரண்டும் போக வேண்டியிருக்கும், குஞ்சுகளின் பசி அப்படி. பிப்ரவரி, மார்ச் வாக்கில் குஞ்சுகள் கடலில் இறங்கிவிடும். அப்போது அவற்றுக்குத் தலையில் மஞ்சள் பட்டை இருக்காது. ஏறக்குறைய ஒரு வயதில்தான் அது வரும்.

குஞ்சுகள் போனதும் பெரியவை இறகு உதிர்க்கத் தொடங்கும். மூன்று, நான்கு வாரம் கரையிலேயே நிற்க வேண்டும். பழைய இறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்து புதியது முளைக்கும் வரை உடம்பில் தண்ணீர் ஏறும், அதனால் கடலுக்குள் போக முடியாது. சாப்பாடே கிடையாது. அதற்கு முன்பே தின்று தின்று 8 கிலோ வரை ஏற்றிக்கொள்ளும், உதிர்த்து முடிக்கும்போது பாதி எடை போயிருக்கும். அந்த வருஷம் மீன் சரியாகக் கிடைக்காமல் மெலிந்த உடம்போடு இறகு உதிர்க்கத் தொடங்கிய பறவை, பட்டினியில் நின்ற இடத்திலேயே சாகும். மார்ச் மாதம் இங்கே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் மாதம்.

எண்ணிக்கையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தெற்குத் தீவிலும் ஸ்டூவர்ட் தீவுப் பக்கமும் சேர்த்து 2008-09 பருவத்தில் 739 கூடுகள் இருந்தன. இப்போது ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. பதினைந்தே வருஷத்தில்.

மருதன் எழுதியது:

அருமையான பதிவு. 80 சதவீதம் என்று படித்ததும் திக்கென்றது.

ஒரு சந்தேகம். நியூசிலாந்து என்றாலே வெளியிலிருந்து கொண்டுவந்த விலங்குகளால்தான் பறவைகள் அழிந்தன என்பார்கள். இதுவும் அதே கதைதானா? அப்படியென்றால் பொறி வைத்துப் பிடித்தால் போதுமே.

செங்கால்நாரை எழுதியது:

பாதி அப்படித்தான் மருதன். முயலைக் கட்டுப்படுத்த 1880களில் ஸ்டோட், ஃபெரட் என்று மரநாய் வகைகளை இறக்குமதி செய்து அவிழ்த்துவிட்டார்கள். அவை முயலோடு நிற்கவில்லை, பென்குயின் குஞ்சையும் தின்னத் தொடங்கின. பூனை, நாய் சேதம் தனி. கட்டவிழ்ந்த ஒரே நாய் ஒரு சாயங்காலத்தில் பல பெரிய பறவைகளைக் கொன்றுவிடும். கரையோரக் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கியதில் நிழலும் போனது. இது குளிர்க்கடலுக்கான உடம்பு, வெயிலில் கூட்டில் உட்கார்ந்தால் மூச்சு வாங்கும்.

ஆனால் இதற்கெல்லாம் இங்கே ஆள் இருக்கிறது. 1987இல் டுனிடினில் மஞ்சள்கண் பென்குயின் அறக்கட்டளை தொடங்கினார்கள். நிலம் வாங்கினார்கள், வேலி போட்டார்கள், மரம் நட்டார்கள், பொறி வைத்தார்கள். அதற்கு முன்பே, 1936இல், லான்ஸ் ரிச்டேல் என்ற டுனிடின் ஆசிரியர் ஒட்டாகோ தீபகற்பத்தில் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பதினெட்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார். எந்த ஜோடி பிரிந்தது, எது எந்தக் கூட்டுக்குத் திரும்பியது என்று எல்லாம் குறித்தார். பென்குயின்களை இவ்வளவு நீண்ட காலம் கவனித்தவர் அதுவரை யாரும் இல்லை.

இவ்வளவும் செய்த கரையில்தான் எண்ணிக்கை சரிகிறது. பொறி வைத்துக் காப்பாற்றிய குஞ்சு கடலுக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. மரம் நட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. நிலத்தில் செய்ய முடிந்தது பெரும்பாலும் செய்தாகிவிட்டது. பிரச்சினை கடலில் இருக்கிறது. ஆழி, நீங்கள் கடலடி ஆய்வு படித்தவர், கொஞ்சம் எழுதுங்களேன்.

ஆழி எழுதியது:

அழைத்ததற்கு நன்றி அக்கா.

இந்தப் பென்குயினின் விதி கடலின் தரையில் எழுதப்பட்டிருக்கிறது. பல பென்குயின்கள் நடுநீரில் கூட்டமாகப் போகும் மீனைத் துரத்தும். ஹோய்ஹோ நேராகக் கடலடிக்குப் போகும். ஆழம் பெரும்பாலும் 20 முதல் 60 மீட்டர், சில சமயம் 100 மீட்டருக்கும் மேல். தரையை ஒட்டி நீந்தி நீலக் காட் மீன், சிவப்புக் காட் மீன், ஓப்பல் மீன், கணவாய் என்று பிடிக்கும். ஒரு நாளில் இப்படி நூற்றுக்கணக்கான முங்கல்.

தரை நன்றாக இருந்தால்தான் இந்தப் பிழைப்பு நடக்கும். கடற்பஞ்சும் பாசி போலப் படரும் சிறு விலங்குகளும் அடர்ந்த தரையில் சின்ன மீன்கள் ஒளிந்து வாழும். இழுவை மடியும் சிப்பி வாரும் இரும்புச் சட்டமும் அதன் மேல் ஓடினால் தரை மழுங்கிவிடும்.

ஒட்டாகோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய தாமஸ் மாட்டர்ன் என்ற ஆய்வாளரின் குழு பறவைகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவி ஒட்டிப் பார்த்தது. சில பறவைகளின் பாதையை வரைபடத்தில் போட்டபோது, கிலோமீட்டர் கணக்கில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது. எந்தப் பறவையும் இரை தேடி அப்படி நேராகப் போகாது. அவை இழுவை மடியின் கதவுப் பலகை கடலடியில் கீறிவிட்டுப் போன தடத்தைப் பின்தொடர்ந்து கொண்டிருந்தன. கிளறிய மண்ணில் செத்ததைத் தின்ன வரும் மீன்கள் இருக்கும் இல்லையா, அதைத் தேடித்தான். ஆனால் அங்கே கிடைப்பது பெரிய நீலக் காட் மீன், குஞ்சின் வாயில் நுழையாத அளவு. அதனால் குஞ்சுகள் மெலிகின்றன என்பதுதான் அவர்கள் கவலை.

அதே குழு 2017இல் கணக்குப் போட்டுச் சொன்னது: நிலைமை இப்படியே போனால் ஒட்டாகோ தீபகற்பத்தில் 2060க்குள் ஹோய்ஹோவே இருக்காது. கடல் சூடாவதும் முக்கியக் காரணம் என்றார்கள். ஆனால் சூட்டை உள்ளூரில் யாராலும் உடனே குறைக்க முடியாது. வலையை, இழுவையை, மனித நடமாட்டத்தை உள்ளூரிலேயே குறைக்கலாம், அதனால் அதில் கை வையுங்கள் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். எனக்கு அது மிகச் சரியான வாதமாகப் படுகிறது.

கரையோரன் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில், நாகப்பட்டினம் பக்கம். இந்த மாதிரி இழைகளில் கடைசியில் எல்லாப் பழியும் மீனவன் தலையில் வந்து விழும். அதனால் உள்ளே வருகிறேன்.

செவுள் வலை என்றால் என்ன என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மெல்லிய நைலான் நரம்பு வலை. அடியில் ஈயக் குண்டு, மேலே மிதவை. தரையில் சுவர் மாதிரி நிற்கும். மாலையில் போட்டுவிட்டு விடியற்காலை எடுப்போம். தண்ணீருக்குள் அந்த நரம்பு கண்ணுக்கே தெரியாது. அதுதான் அதன் சூட்சுமம். மீன் கண்ணுக்குத் தெரியாத வலை பென்குயின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆழி சொன்ன மாதிரி அது அடித்தரையில் மேய்கிற பறவை என்றால், வலை நிற்கிற இடமும் அதுவேதான். மாட்டினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாது. நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேட்கிறேன். தடை போடுவது ஒரு கையெழுத்து. அந்தப் படகுக்காரன் அடுத்த நாள் என்ன செய்வான்? அவன் போட்ட கடன்? இதைப் பற்றிப் பேசாமல் பறவையை மட்டும் பேசினால் கடற்கரையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். இரண்டாவது, செவுள் வலைக்காரன் சின்ன ஆள். தரையை நாசம் செய்வது பெரிய இழுவைப் படகு. சின்னவனைப் பிடிப்பது எப்போதும் சுலபம்.

செங்கால்நாரை எழுதியது:

கரையோரன் அண்ணே, நீங்கள் வந்தது நல்லதாயிற்று. வலையை இவ்வளவு தெளிவாக இங்கே யாரும் சொல்லியிருக்க முடியாது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். 2008இல் தெற்குத் தீவின் கிழக்குக் கரையில் 4 கடல் மைல் வரை செவுள் வலைக்குத் தடை வந்தது. அது முக்கியமாக ஹெக்டர் டால்பினுக்காக வந்த தடை. டால்பின் கரையை ஒட்டித் திரியும், ஹோய்ஹோ அதைத் தாண்டிப் போய் இரை தேடும். தடைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் அதன் மேய்ச்சல் நிலம், அங்கே வலையும் நிற்கும். பல வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி, சட்ட வழக்கு வரை போய், 2025 செப்டம்பரில் ஒட்டாகோ தீபகற்பத்தைச் சுற்றி அவசரத் தடை அறிவித்தார்கள். அதுவும் தற்காலிகம்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இழப்பீடு கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தப் பகுதியில் செவுள் வலைப் படகுகள் ஒரு சிலவே. ஒரு நாட்டு அரசுக்கு அந்தச் சிலருக்கு வேறு வலைக்கோ தூண்டில் கயிற்றுக்கோ மாறப் பணம் கொடுப்பது பெரிய காரியமே கிடையாது. டாலர் தாளில் அச்சடிக்கத் தெரிகிறது, அந்தப் பறவைக்காகச் செலவு செய்யத் தயக்கம். எனக்குக் கோபம் வருவது அங்கேதான், படகுக்காரர் மேல் இல்லை.

கரையோரன் எழுதியது:

இது நியாயமான பேச்சு. நீலக் காட் பிடிக்கக் கம்பிக் கூண்டு வைக்கிற வழக்கம் அங்கே உண்டு என்று கேள்விப்பட்டேன். கூண்டில் தரையும் கெடாது, வேண்டாதது மாட்டினால் பெரும்பாலும் உயிரோடு விட்டுவிடலாம். சுறா வகைக்குத்தான் செவுள் வலை கேட்கும். அதற்குத் தூண்டில் கயிறு போட்டால் விளைச்சல் குறையும், ஆனால் மீன் நயமாக இருக்கும், விலை கூடக் கிடைக்கும். மாறச் சொல்கிறவர்கள் முதல் இரண்டு வருஷ நஷ்டத்தைத் தாங்கினால் ஆட்கள் மாறுவார்கள்.

தும்பி எழுதியது:

நான் கேட்டது ஒன்று, கிடைத்தது இவ்வளவு. நன்றி எல்லோருக்கும்.

அக்கா, குஞ்சுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு செய்தி பார்த்தேன். உண்மையா?

செங்கால்நாரை எழுதியது:

உண்மைதான் தும்பி. 2018இல் டுனிடினில் வனவிலங்குகளுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஹோய்ஹோவின் கதையில் அது இல்லாவிட்டால் இன்றைக்கு எண்ணிக்கை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பொரிந்த சில நாட்களிலேயே குஞ்சுகளுக்குத் தொண்டை அடைப்பான் வரும். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கிலும் அண்ணத்திலும் மஞ்சளாகத் தடித்த ஏடு படிந்திருக்கும். தாய் மீனைக் கக்கிக் கொடுக்கும், குஞ்சால் விழுங்க முடியாது. அந்த ஏட்டை மெதுவாகச் சுரண்டி எடுத்து மருந்து கொடுக்க வேண்டும். சுரண்டாமல் விட்டால் பட்டினியிலோ மூச்சடைத்தோ போய்விடும். இது போதாதென்று சில வருஷமாக நுரையீரலைத் தாக்கும் இன்னொரு நோயும் வந்திருக்கிறது. பொரிந்த சில நாளில் மூச்சுத் திணறிச் சாகும். அதற்குக் காரணமாகப் புதுவகை வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதனால் இப்போது பல கூடுகளில், பொரிந்த குஞ்சைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், ஆபத்துக் காலம் தாண்டும் வரை மீன் கூழ் ஊட்டி வைத்திருந்து, பிறகு கூட்டில் திருப்பி வைக்கிறார்கள். அதுவரை பெற்றோர் அடைகாக்கும் புத்தியை விட்டுவிடாமல் இருக்கக் கூட்டில் பொய் முட்டை வைப்பார்கள். குஞ்சைக் கொண்டுபோய் அடியில் வைத்ததும் பெரிய பறவை குனிந்து பார்த்து, ஒரு முறை கத்திவிட்டு, இறக்கையால் உள்ளே தள்ளிக்கொள்ளும். இன்னொரு ஜோடியின் குஞ்சாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது.

மருதன் எழுதியது:

படிக்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு குஞ்சையும் கையால் தூக்கி வளர்த்தால் அது காட்டு உயிரா? நோய்க்கு எதிர்ப்பு இருப்பது பிழைக்கட்டும், மற்றது போகட்டும் என்று விட்டால் காலப்போக்கில் வலுவான இனம் வராதா? இல்லையென்றால், ஆக்லாந்து தீவுகளிலும் இருக்கிறது என்கிறீர்களே, அங்கிருந்து கொண்டுவந்து விடக்கூடாதா?

ஆழி எழுதியது:

இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது ஆயிரக்கணக்கில் இருக்கும் இனத்துக்குச் சரி. சில நூறு பறவைகள் மட்டும் மிஞ்சிய இடத்தில் ஒரு நோய்க்கு வலுவானதைத் தேர்ந்தெடுப்பதற்குள் எல்லாமே போய்விடும். அதோடு இந்தப் பறவை வயதுக்கு வர இரண்டு மூன்று வருஷம், பிழைத்தால் இருபது வருஷம்கூட வாழும். அவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிருக்குப் பெரிய பறவை ஒன்று வலையில் சாவது, பல குஞ்சுகள் சாவதைவிட மோசம்.

தெற்கிலிருந்து கொண்டுவருவது பற்றி: இங்கே ஒரு சுவாரசியமான திருப்பம் உண்டு. தெற்குத் தீவில் முன்பு இருந்தது இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு வகை, வைடாஹா பென்குயின். பாலினீசியர் வந்து சில நூற்றாண்டுகளில் அது வேட்டையில் அழிந்தது. பழைய எலும்புகளின் டிஎன்ஏவைப் பார்த்து 2008இல்தான் இப்படி ஒன்று இருந்ததே வெளியே தெரிந்தது. காலியான கரைக்குத் தெற்குத் தீவுக்கூட்டங்களிலிருந்து ஹோய்ஹோ குடியேறியது என்று அப்போது சொன்னார்கள்.

சமீபத்தில் முழு மரபணுத் தொகுப்பையும் படித்துப் பார்த்ததில் வேறு படம் தெரிகிறது. வடக்கில் இருப்பவை, ஆக்லாந்து தீவுகளில் இருப்பவை, கேம்பெல் தீவில் இருப்பவை என மூன்றும் ஆயிரக்கணக்கான வருஷமாகத் தனித்தனியாகப் பிரிந்து வாழ்ந்திருக்கின்றன. ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைப்பது சரியான தீர்வாகாது. வடக்குக் கூட்டம் போனால் அதைப் போன்ற இன்னொன்று வேறெங்கும் கிடையாது.

மருதன் எழுதியது:

சரி, என் இரண்டு யோசனையும் நிற்கவில்லை. இதை இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி ஆழி.

தும்பி எழுதியது:

கடற்சிங்கமும் தின்னும் என்று எங்கோ பார்த்தேன். அதை விரட்டுவார்களா?

செங்கால்நாரை எழுதியது:

விரட்ட முடியாது தும்பி, நியூசிலாந்துக் கடற்சிங்கமே அழியும் நிலையில் இருக்கும் இனம். மனிதர்கள் வேட்டையாடி இந்தக் கரையிலிருந்து ஒழித்துக் கட்டினார்கள். 1993இல் ஒரு பெண் கடற்சிங்கம் ஒட்டாகோ தீபகற்பத்தில் குட்டி போட்டது, அதிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன. எல்லாக் கடற்சிங்கமும் பென்குயினைத் தின்பதில்லை, சில மட்டும் அந்தப் பழக்கம் பிடித்துக்கொள்ளும். ஹோய்ஹோ நிறைய இருந்த காலத்தில் அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. இரண்டுக்கும் நாம்தான் இடத்தைச் சுருக்கினோம், இப்போது ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்கக் கேட்பதில் நியாயமே இல்லை.

உப்புக்காற்று எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த டிசம்பரில் குடும்பத்தோடு டுனிடின் வருகிறோம். நேரில் பார்க்க ஆசை, ஆனால் தொந்தரவு செய்யவும் மனமில்லை. போகலாமா, வேண்டாமா?

செங்கால்நாரை எழுதியது:

தாராளமாக வாருங்கள். ஆனால் மாலையில் நேரே கடற்கரையில் இறங்கி நிற்காதீர்கள். பறவை அலையிலிருந்து வெளியே வந்து, நின்று, சுற்றும் முற்றும் பார்க்கும். மணலில் ஒரு ஆள் தெரிந்தாலே திரும்பக் கடலுக்குள் போய்விடும். மணிக்கணக்கில் அலைக்கு அப்பால் காத்திருக்கும். நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது கூட்டில் குஞ்சு பசியோடு கிடக்கும். கட்டுப்பாடில்லாமல் ஆட்கள் போய்வரும் சாண்ட்ஃப்ளை விரிகுடாவில் குஞ்சுகள் எடை குறைவாகவே கிளம்புகின்றன, பிழைப்பதும் குறைவு என்று ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் குஞ்சுகள் இருக்கும் காலம், இன்னும் கவனம் வேண்டும். மறைவுக் குடில் அல்லது பதுங்குகுழியிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்யும் வழிகாட்டிகளோடு போங்கள். அவர்கள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு பொறிக்கும் மருந்துக்கும் போகிறது. எதிர்பாராமல் எதிரில் வந்துவிட்டால் 50 மீட்டராவது விலகி, குனிந்து, அசையாமல் இருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாயோடு வரும் நண்பர் யாராவது இருந்தால் அவரை வேறு கரைக்கு அனுப்பிவிடுங்கள்.

வருவதற்கு முன் தனிமடல் போடுங்கள். அந்த வாரம் எந்தக் கரை மூடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.